கூடையும் தூக்குக்குண்டும்: பெண்பிள்ளைகளின் கைவேலை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. கோடை விடுமுறை. சாரணியர் படையைச் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஐந்து நாள் முகாம். பொறியியலைக் கையால் செய்து பழகுவது முகாமின் நோக்கம் என்றார்கள். நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பட்டணத்திலிருந்து வந்திருந்த இளைஞர்கள் ஐஸ்குச்சி, பசை, நூல் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். குச்சியில் பாலம் கட்ட வேண்டும். அதன்மேல் நோட்டுப்புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, எத்தனை தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் நன்றாகவே செய்தார்கள். வெறும் சதுரமாக ஒட்டினால் சாய்ந்துவிடும், குறுக்கே ஒரு குச்சி வைத்து முக்கோணமாக்கினால் நிற்கும் என்பதை யாரும் சொல்லாமலே இரண்டு குழுக்கள் கண்டுபிடித்துவிட்டன.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குச்சியை ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "இது இன்னா சார், எங்கம்மா ஏரிக்கரையே போட்டுகீது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது சிரிப்பதற்காகச் சொன்னதல்ல. தொடக்க விழாவில் பேசியவர்கள் எல்லோரும், பெண்பிள்ளைகளின் கைகளுக்குக் கருவிகளை அறிமுகம் செய்துவைக்கிறோம் என்கிற தொனியில்தான் பேசினார்கள். ஏதோ இந்தக் கைகள் இதுவரை சும்மா இருந்ததைப் போல. அந்தப் பெண்ணின் ஒற்றை வாக்கியம் இந்தச் சொல்லாடலை அப்படியே கவிழ்த்துவிட்டது. மண்ணும் கல்லும் செங்கல்லும் இந்த வட்டாரத்துப் பெண்களின் கைக்கும் தலைக்கும் புதியவை அல்ல. ஏரிக்கரை உயர்ந்தது, கோயில் மதில் எழும்பியது, தார்ச்சாலை நீண்டது எல்லாவற்றிலும் பெண்ணின் தலைச்சும்மாடு இருக்கிறது. அவள் கைக்கு வராமல் போனது வேறொன்று. அளக்கும் கோல். தூக்குக்குண்டு. ரசமட்டம். வரைபடம். கட்டடக் களத்தில் பெண் நுழைந்தாளா இல்லையா என்று கேட்பது எனக்குச் சரியான கேள்வியாகப் படவில்லை. கூடை யாரிடம், கோல் யாரிடம் என்பதுதான் கேள்வி. இந்தக் குறிப்புகள் அந்தக் கோலின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கிற முயற்சி.

2

உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்று சொல்லப் பழகியிருக்கிறோம். வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல், வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று மேடைக்கு மேடை சொல்லி, அந்தக் கல்லே கூச்சப்படும் அளவுக்குப் புகழ்ந்தாகிவிட்டது. புகழ்ச்சியை விட்டுவிட்டு, ஒரு வேலைப் பங்கீட்டு ஆவணமாக அதை வாசிக்கலாம்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குடும்பிலிருந்தும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். வாரியத்துக்கு நிற்பவனுக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது இரண்டாவது கல்வெட்டின்படி 35க்கு மேல் 70க்குள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது. இந்த விதியை மட்டுமாவது நம் காலத்துக்குக் கடன் வாங்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றாது.

ஏரி வாரியம் என்பதுதான் நமக்கு முக்கியம். வைரமேகத் தடாகம் என்று பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வழங்கிய ஏரி இந்த ஊரின் உயிர்நாடி. தூர்வாராத ஏரி சில தலைமுறைகளில் மேய்ச்சல் நிலமாகிவிடும். அதனால்தான் ஏரிப் பராமரிப்புக்கென்று கொடைகள், அவற்றைக் கவனிக்க ஆறு பேர். இந்த ஆறு பேரும் மண் சுமக்கவில்லை. எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, கரையை எங்கே உயர்த்துவது, மதகை எப்போது திறப்பது என்பதைத் தீர்மானிப்பதும் கணக்கு வைப்பதும்தான் அவர்கள் வேலை. மண் சுமந்தவர்கள் நிலமும் வேதமும் இல்லாதவர்கள். அவர்களுக்குக் குடத்தில் ஓலை இல்லை. சுமந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிவைக்கும் தேவை யாருக்கும் இருக்கவில்லை.

இன்னொன்றும் கவனங்கொள்ளத்தக்கது. குடத்துக்குள் கையை விட்டு ஓலையை எடுப்பதற்கு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட வேண்டும் என்கிறது கல்வெட்டு. கள்ளம் இல்லாத கை வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கள்ளமற்ற கையும் ஆண்பிள்ளையின் கைதான். பக்கத்து வீட்டுச் சிறுமி அந்த மண்டபத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்திருப்பாள் என்று வைத்துக்கொள்வது நம் கற்பனை. கல்லுக்கு அவளைத் தெரியாது.

இதே ஊரில் சுந்தர வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிறது. மூன்று தளங்கள், ஒவ்வொரு தளத்திலும் திருமேனிகள். ஆகமம் கற்ற பாடகத்துப் பரமேசுவரப் பெருந்தச்சன் கட்டியதாகச் சொல்கிறார்கள். கட்டியவனுக்குப் பெயர் கிடைத்தது அபூர்வம்தான். தஞ்சைக் கோயிலில் குஞ்சரமல்லன் பெயரைப்போல. ஆனால் பெயர் கிடைத்தவன் கோல் பிடித்தவன். சோழர் காலத்தில் கோலுக்கு இருந்த மதிப்பு நமக்குத் தெரிந்ததே. முதலாம் ராசராசன் நாடு முழுவதும் நிலம் அளந்தான். அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்று பெயர். காஞ்சிபுரத்தில் பெருமாளுக்கே அந்தப் பெயர். அளப்பது ஆள்வதன் இன்னொரு பெயராக இருந்திருக்கிறது.

3

இனி எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி, இங்கிருந்து ஒரு பகல் ரெண்டு பகல் மாட்டுவண்டித் தூரத்தில் இருக்கும் சென்னப்பட்டணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நவீனப் பொறியியல் கல்வி இந்தப் பக்கம் முளைத்த இடம் அது. எப்படி முளைத்தது என்பது பலருக்கும் தெரியாத கதை.

கம்பெனிப் படையின் வெள்ளைக்கார சிப்பாய்களுக்குப் பிறந்து நாதியற்றுப் போன பிள்ளைகளுக்காகச் சென்னையில் இரண்டு அநாதை விடுதிகள் தொடங்கப்பட்டன. 1787இல் பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. 1789இல் ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று. ஆண்கள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதிக் கற்பது, மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லித்தருவது என்கிற திண்ணைப்பள்ளி முறையை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் இங்கிலாந்தில் மதராஸ் முறை என்று பரப்பினார். அது தனிக் கதை. 1794இல் கம்பெனியின் அளவையாளர் மைக்கேல் டாப்பிங், இந்த ஆண்கள் விடுதிப் பிள்ளைகளிலிருந்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். நிலத்தை அளக்க, வரைபடம் போட, ஏரிகளைக் கணக்கிட ஆட்கள் தேவைப்பட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம். சங்கிலி பிடிக்கவும் கோணம் பார்க்கவும் அந்தப் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பள்ளிதான் வளர்ந்து பிற்பாடு கிண்டிப் பொறியியல் கல்லூரியாக ஆனது.

பெண்கள் விடுதியில் இருந்த பிள்ளைகளுக்கு? ஊசியும் நூலும். அவர்களும் அதே சிப்பாய்களின் பிள்ளைகள், அதே பட்டணத்தில், அதே அரசாங்கத்தின் பராமரிப்பில் இருந்தவர்கள். அக்காளுக்கு ஊசி, தம்பிக்குச் சங்கிலி. இயற்கை பிரித்துவைத்த பிரிவினை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது, ஒரு நிர்வாகத் தீர்மானமாக எழுத்தில் ஏறிய இடங்களில் ஒன்று இது.

ஊசியை இழிவாகச் சொல்வது என் நோக்கமல்ல. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் பள்ளி, அடிமைப்பட்டிருந்த சாதிகளின் பெண்களுக்குக் காசைக் கையில் கொடுத்தது. அந்தக் காசைக் கொண்டு விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. லேஸ் பின்னுவது லேசான கணக்கும் அல்ல. எண்ணிக்கை, சமச்சீர், இழுவிசை எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பெண்பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுத்த காலத்தில் தையல் ஒரு பாடமாகவே நிலைத்துப்போனதும், அதிலுள்ள கணக்கைக் கணக்கென்று யாரும் கூப்பிடவில்லை. தையல் டீச்சர் என்ற பதவி நம் பள்ளிகளில் எத்தனை காலம் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழில் தையல் என்றால் பெண் என்றும் பொருள், தைக்கும் வேலை என்றும் பொருள். மொழிக்கு முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது போலும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அது மொழியின் தற்செயல்தான். மானியச் சட்டம் தற்செயல் அல்ல.

4

சாரணியர் இயக்கத்துக்கு வருவோம். 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்குக் கூப்பிடாமலே பெண்பிள்ளைகள் சிலர் வந்து நின்றார்கள்; நாங்களும் சாரணர்கள் என்றார்கள். பேடன் பவலுக்கு அது சங்கடமாகப் போயிற்று. அடுத்த ஆண்டு அவருடைய தங்கை ஆக்னஸின் பொறுப்பில் பெண்களுக்குத் தனி அமைப்பு உண்டாக்கப்பட்டது. 1912இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கையேட்டின் தலைப்பைத் தமிழில் சொன்னால், பேரரசைக் கட்டியெழுப்பப் பெண்பிள்ளைகள் எவ்வாறு உதவலாம் என்று வரும். கட்டுவது என்ற சொல் அங்கேயே வந்துவிட்டது பாருங்கள். ஆனால் கட்டப்பட வேண்டியது பேரரசு.

அந்தக் காலத்துத் தகுதிச் சின்னங்களின் பட்டியல் சுவாரசியமானது. தாதி, சமையல், சலவை, தையல் எல்லாம் உண்டு. அவற்றோடு மின்வேலை, தந்தி, குடிலும் பாலமும் கட்டும் முன்னோடி வேலை ஆகியவற்றுக்கும் சின்னங்கள் உண்டு. ஒரே சட்டையின் கைப்பகுதியில் அடுப்பும் மின்கம்பியும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு இடுக்கு வழியாக ஏதோ நுழைந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தியாவில் 1911இல் ஜபல்பூரில் முதல் படை தொடங்கியபோது அது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பெண்களுக்கானது. இந்தியப் பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான். விடுதலைக்குப் பின் 1951இல் சாரணியர் அமைப்பும் பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் இணைந்தது. மூங்கிலைக் கயிற்றால் பிணைத்துப் பாலமும் மேடையும் கட்டும் பயிற்சி பாடத்திட்டத்தில் நின்றது. அதுதான் காக்கி தாண்டி, நீலம் தாண்டி, உத்திரமேரூர்ப் பக்கத்துப் பள்ளி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் குடியரசு தின அணிவகுப்போடு முடிந்துபோகிறது என்பதும் உண்மை.

5

கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலைக் கல்வி என்றாலே தமிழ்நாட்டில் ஒரு பழைய காயம் சுரீரென்று வலிக்கும். முகாமுக்கு வந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இது மறுபடியும் அந்தக் குலக்கல்வி ஆட்டம்தானா?"

கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் கிராமப் பள்ளிகளுக்கு மட்டுமானது. பள்ளி நேரம் மூன்று மணி. மிச்ச நேரத்தில் பையன் அப்பன் தொழிலைக் கற்பான், பெண் அம்மாவிடம் வீட்டு வேலை கற்பாள். குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. இந்த எதிர்ப்பு நியாயமானது. வேலை பிரிக்கப்படுவது ஒன்று, வேலை செய்யும் மனிதர்களே பிறப்பின்படி மேலும் கீழுமாக அடுக்கப்படுவது வேறு என்பதை அம்பேத்கர் 1936லேயே தெளிவாக்கிவிட்டார். பறையரின் பிள்ளைக்குக் கையில் என்ன கருவி வரும் என்பது பள்ளிக்கூடம் தீர்மானிக்கும் விஷயம் அல்ல என்று விட்டுவிட்டால், சேரி தீர்மானித்துவிடும்.

ஆனால் அந்த விவாதத்தில் ஒரு மௌனம் இருக்கிறது. அப்பன் தொழில் என்பதைச் சுற்றியே சண்டை நடந்தது. தச்சன் மகன் தச்சன், வண்ணான் மகன் வண்ணான் ஆக வேண்டுமா என்று உரக்கக் கேட்டார்கள். அம்மாவிடம் வீட்டு வேலை கற்பாள் என்ற பாதிக்கு அதே அளவு சூடு கிளம்பவில்லை. குலத்தொழில் என்று ஒன்று மகனுக்காவது இருந்தது. தச்சன் மகளுக்கு உளி கூடக் கிடையாது. உளியைத் தாண்டக் கூடாதென்று கம்மாளப் பெண்ணுக்குச் சொல்லிவைத்திருந்த வீடுகளை நான் அறிவேன். குலக்கல்வியின் கொடுமையை அனுபவிக்கக்கூட அவளுக்குக் குலத்தில் பங்கு இல்லை என்று சொல்லலாம்.

குலக்கல்வி ஒழிந்ததும் கைவேலையையே பாடசாலையிலிருந்து ஒழித்துவிட்டோம் என்பது இன்னொரு விளைவு. கை அழுக்காகாத படிப்பே உயர்ந்த படிப்பு என்ற மேல்சாதிக் கருத்தை, சாதியை எதிர்த்தவர்களும் சேர்ந்தே காப்பாற்றிவிட்டார்கள். இது கசப்பான முரண். பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சங்கிலியும் கோலும் எந்தச் சாதியின் குலத்தொழிலும் அல்ல, அதைக் கொடுத்தால் குலக்கல்வி ஆகாது என்று மட்டும் சொன்னேன். "பாக்கலாம்" என்றார்.

6

கோல் வேறொரு வாசல் வழியாகவும் பெண்ணிடம் வந்தது. 1940இல் கிண்டியில் சேர்ந்த அ. லலிதாவின் கதை இப்போது பலரும் அறிந்தது. பதினெட்டு வயதில் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்றவர். அப்பா அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். 1943இல் படிப்பை முடித்தபோது, அச்சிட்டு வைத்திருந்த பட்டச் சான்றிதழில் அவன் என்று இருந்ததை அடித்துவிட்டு அவள் என்று எழுதினார்களாம். பின்னாளில் கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தில், பக்ரா நங்கல் அணையின் மின்கம்பித் தடங்களுக்கு வடிவமைப்பு வேலை செய்தார். கிண்டியில் அவரைத் தொடர்ந்து படித்த பி.கே. திரேசியா 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனாலும் இந்த வாசல் மேலிருந்து திறந்த வாசல். பேராசிரியரின் மகளுக்கு வரைபலகை கிடைத்த அதே ஆண்டுகளில், செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிக்கரைகளில் கூடை சுமந்த பெண்ணுக்கும் வரைபலகைக்கும் நடுவே எந்தப் படிக்கட்டும் போடப்படவில்லை. கொத்து வேலையில் ஆண் சித்தாளாகச் சேர்ந்தால் சில வருசத்தில் கரண்டி பிடிப்பான், கொத்தனார் ஆவான், பிறகு மேஸ்திரி ஆவான். பெண் சித்தாளாகச் சேர்ந்தால் சித்தாளாகவே கிழவியாவாள். பாண்டு சட்டி சுமந்து உச்சி மயிர் கொட்டிப்போன பெண்கள் நம் எல்லோர் தெருவிலும் உண்டு. பொறுக்கிய தொழில் ரகசியம் எதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை; கலவை எத்தனைக்கு எத்தனை என்று கொத்தனாருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துச் சொல்லும் அதிகாரம்தான் இல்லை.

பெண்ணுக்கு உடம்பில் தெம்பு பத்தாது, அதனால்தான் என்பார்கள். ஐம்பது கிலோ சிமெண்டைப் படியில் தூக்கிப்போகிறவளைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார்கள்.

7

தெம்பு பற்றிய இந்தப் பேச்சுக்குப் பதில், நம் ஊர்த் தெருமுனைகளில் நிற்கும் அடிபம்பில் இருக்கிறது என்பேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் யுனிசெஃப் உதவியோடு உருவாகிப் பரவிய இந்தியா மார்க் 2 கைப்பம்பின் பிறப்பில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் சென்னை நிறுவனங்கள் இருந்தன. நல்ல பம்பு. நூற்றுக்கணக்கான பேர் நாள் முழுக்க அடித்தாலும் தாங்கும். ஆனால் ஒரு சங்கதி. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் விட்டம் 32 மில்லிமீட்டர். அடியில் நீரை உறிஞ்சும் உருளையின் விட்டமோ 63.5 மில்லிமீட்டர். குழாய் ஒடுக்கம், உருளை அகலம். உள்ளேயிருக்கும் தோல் வாஷர் தேய்ந்துபோனால், ஒரு சின்ன வட்டம்தான், அதை மாற்ற உருளை மேலே வந்தாக வேண்டும். ஒடுங்கிய குழாய் வழியாக அது வராது. ஆகவே குழாய் மொத்தத்தையும், துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டே, மேலே தூக்க வேண்டும். அதற்கு நாலைந்து ஆண்கள், தனிக் கருவிகள், ஒரு வண்டி. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பம்புக் காவலர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு வண்டிப்படை என்று மூன்றடுக்கு ஏற்பாடு வந்தது. வண்டி வரும் வரைக்கும் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

1983 முதல் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்த களச்சோதனைகளில் இந்தச் சிக்கலைப் பிடித்தார்கள். குழாயை 65 மில்லிமீட்டராக அகலமாக்கினால் என்ன? உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் குழாய் வழியாகவே மேலே வந்துவிடும். தூக்க வேண்டியது கம்பிகளை மட்டுமே. ஒரு மெக்கானிக்கும் ஒரு துணையும் போதும். தோலுக்குப் பதில் ரப்பர் வாஷர் போட்டால் பழுதே குறைகிறது. இதுதான் மார்க் 3.

குழாயின் விட்டத்தை மாற்றியதும் பம்பைப் பழுதுபார்க்கத் தெம்பு வேண்டும் என்ற வாதத்தில் பாதி செத்துப்போனது. குறை பெண்ணின் தோளில் இல்லை, குழாயின் விட்டத்தில் இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் வரைபலகையில் 32 என்று எழுதியபோது, பழுதுபார்ப்பவர் நாலைந்து ஆண்கள் என்பதும் சேர்த்தே எழுதப்பட்டுவிட்டது. வடிவமைப்பு என்பது இப்படித்தான் அரசியல் பேசாமலே அரசியல் செய்கிறது. அகலக் குழாய்க்கு விலை கூட. பெரும்பாலான ஊர்களில் மார்க் 2 தான் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்கள் நடந்த நடைக்கு விலைப்பட்டியலில் இடம் இல்லாததால் அகலக் குழாய் விலை கூடியதாகத் தெரிந்தது.

1990களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா திட்டத்தில், எழுத்தறியாத தலித், பழங்குடிப் பெண்கள் அதே கனமான மார்க் 2 பம்பைக் கழற்றி மாட்டக் கற்றார்கள். கற்றுக்கொண்டபின் அவர்கள் கேட்டது, எழுதப் படிக்கச் சொல்லித்தாருங்கள் என்று. பழுதுக் குறிப்பேட்டில் தாங்களே எழுத வேண்டும் அல்லவா. அந்த எழுத்தாசையிலிருந்து ஒரு கையெழுத்துச் செய்தித்தாள் வந்தது. அந்தப் பாரம்பரியத்தில்தான் 2002இல் கபர் லஹரியா என்ற பெண்களின் பத்திரிகை பிறந்தது. ஸ்பானரிலிருந்து பேனாவுக்கு. எழுத்து முதலில், தொழில் பிறகு என்று நினைக்கும் நம் கல்விக்கொள்கைக்காரர்கள் யோசிக்க வேண்டிய வரிசை இது. நம் ஊரில் 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தது. சைக்கிள் ஓட்டினார்கள், ஊர் பார்த்தார்கள், எல்லாம் சரி. பஞ்சர் ஒட்டியவர் மட்டும் அண்ணன்காரர். பின்னால் பள்ளிப் பெண்களுக்கு இலவச சைக்கிள் கொடுத்த அரசுகளும் பஞ்சர் பெட்டி கொடுக்கவில்லை.

8

இப்போது காட்சி மாறியிருக்கிறது என்பார்கள். 2022இல் நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 பெண்பிள்ளைகள் பங்கெடுத்த ஆசாதிசாட் என்ற எட்டுக் கிலோ செயற்கைக்கோளை, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பு ஒருங்கிணைத்தது. மதுரைப் பக்கம் திருமங்கலம் பெண்கள் பள்ளியும் அதில் உண்டு. ஆகஸ்டு 7ஆம் தேதி ஏவுகலன் தவறான பாதையில் விட்டதால் அது வீணாயிற்று. 2023 பிப்ரவரியில் இரண்டாவது கோள் சரியாகப் போய்ச் சேர்ந்தது. தோற்றதும் மறுபடி செய்தார்கள் என்பதே எனக்கு அதில் பிடித்த பகுதி.

இன்னொரு காட்சியும் உண்டு. உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கி 2014இல் மூடப்பட்ட நோக்கியா ஆலையில் பெரும்பாலான கைகள் இளம்பெண்களுடையவை. மெல்லிய விரல், பொறுமை, சொன்னதைக் கேட்கும் சுபாவம் என்று காரணம் சொன்னார்கள். லேஸ் பின்னலுக்குச் சொன்ன அதே காரணங்கள். எத்தனை நொடியில் எத்தனை திருகாணி என்று அளந்தது அவர்களை. அளவுகோல் அவர்கள் கையில் இல்லை. ஃபூக்கோ பழக்கப்படுத்தப்பட்ட உடல்கள் பற்றி எழுதியதை இந்த பஸ்சில் உட்கார்ந்து படித்தால் நன்றாகப் புரியும்.

அவர்களுடைய அம்மாக்களோ ஏரிக்குள். 2006இல் தொடங்கிய நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டின் வேலைநாட்களில் பல ஆண்டுகள் ஐந்தில் நான்கு பங்கு பெண்கள் செய்தது. வெட்டிய குழியை அளந்து, கன அளவுக்கேற்பக் கூலி. டேப் பிடித்து அளப்பவர் எழுதுவதே அளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்குவது ஏழாம் வகுப்புக் கணக்கு. அந்தக் கணக்கைப் படித்த மகள் வீட்டில் இருந்தாள், குழியை வெட்டிய தாய் ஏரியில் இருந்தாள். இரண்டு பேரையும் ஒரே குழியின் ஓரத்தில் நிறுத்த எந்தப் பாடத்திட்டத்துக்கும் தோன்றவில்லை. குறைத்து எழுதிய ஒவ்வொரு அங்குலமும் யார் வீட்டு அரிசி என்பது மகளுக்குத் தெரியும்.

9

முகாமின் நாலாம் நாள் ஐஸ்குச்சி தீர்ந்துபோயிற்று. பட்டணத்துத் தம்பிகள் கையைப் பிசைந்தார்கள். அதுவும் நல்லதற்குத்தான். ஊர்க் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு வந்தார்கள். அறுபது தாண்டியவர், பேச்சு குறைவு. பதினைந்து அடி நீளத்துக்கு ஒரு தெளிவான பிளாஸ்டிக் டியூபும் தண்ணீரும் கேட்டார். கொத்து வேலையில் டியூப் மட்டம் என்பார்கள். டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் சுவர் இருந்தாலும் மேடு இருந்தாலும் கவலையில்லை. முனைகளில் தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து தரைக்கு அளந்தால் எது மேடு எது பள்ளம் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கயிறு. மூன்றடி, நாலடி, ஐந்தடியில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் மூலை சரியாக வரும். பித்தகோரஸ் பேரைச் சொல்ல வாயெடுத்த தம்பியை நண்பர் கண்ணாலேயே அடக்கினார். பிள்ளைகளுக்கே அது தோன்றிவிட்டது. "சார், இது புக்குல கீதே" என்று ஒருத்தி கத்தினாள்.

டியூபை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுக்க அளந்தார்கள். வராந்தாவின் தரை வெளியே சாய்வதற்குப் பதில் வகுப்பறைப் பக்கமாக ஒன்றரை அங்குலம் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் வகுப்புக்குள் தண்ணீர் வருவது ஏன் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு பெண் நோட்டில் அளவுகளை எழுதி, வராந்தாவைப் படமாக வரைந்து, சாய்வை அம்புக்குறி போட்டுக் காட்டினாள். தலைமையாசிரியரிடம் கொடுக்கலாமா என்று பிள்ளைகளுக்குள் நெடுநேரம் குசுகுசுத்தார்கள். கொடுத்தால் யார் கொடுத்தது என்று கேட்பார். கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக அம்மாக்கள் வந்தார்கள். ஏரிக்கரையே போட்டதாக முதல் நாள் சொன்ன பெண்ணின் தாயும் வந்திருந்தார். இப்போது கட்டட வேலைக்குப் போவதாகச் சொன்னார். புடவை முந்தானையில் சிமெண்டுப் பொடி. மகள் டியூபைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுவா, தெரியும் தெரியும். இருவது வருசமா நான்தான் ஒரு பக்கம் புடிக்கிறேன். அந்தப் பக்கம் மேஸ்திரி பாப்பாரு. ஆட்டாத, ஆட்டாதன்னு கத்துவாரு. இன்னா பாக்கறாருன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

மகள் ஒரு முனையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாள். தண்ணீர் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஆனது நிற்பதற்கு. "நீ எங்கம்மா பாக்குற, தண்ணியப் பாரு" என்று அங்கிருந்து கத்தினாள்.